ஆபிரகாமின் மேல் ஒரு வழக்கு

என் கணவரின் அண்ணியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹாரன் அக்கா என்றால்தான் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன் வாசலில் வந்து நின்ற பிறகும் பிள்ளை உள்ளே சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தால் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டார். "தெருவே எழுந்தாச்சு, உங்க வீட்டு இளவரசர் இன்னும் எழுந்திருக்கலையா?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார். அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது என்று சொல்வது கூடச் சரியில்லை. அது எங்கேயும் இறங்கி ஓய்வெடுத்ததே இல்லை.

அந்த வேன் முதலில் அவருடைய கணவர் ஓட்டியது. நாங்கள் எல்லாரும் அவரைப் பெரியவர் என்போம். கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை மங்கியதும் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு மகன்கள், இருவரும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். மேல்மாடியில் நாங்கள், கீழே அவர்கள். இன்னொரு ஆளுக்கு அந்த வீட்டில் இடமும் இல்லை, தேவையும் இல்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைப் பிள்ளை ஆசையில் செய்தாள் என்று சிலர் பேசினார்கள். அது பச்சைப் பொய்.

அக்காவின் ஜெபமும் சண்டைதான். பள்ளி விடுவதற்கு முன் வாசலில் வேனை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடவுளிடம் பேசுவார். "ஏம்ப்பா, சாரத்துல இருந்து விழுந்தானே அந்தக் கொத்தனார், மூணு பிள்ளைங்கப்பா அவனுக்கு. நீ அன்னிக்கு எங்கே போயிருந்தே?" வெளியே நிற்கிறவர்களுக்கு யாருடனோ போனில் தகராறு என்று தோன்றும்.

எங்கள் கிறிஸ்தவச் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர் கட்டில் கடைக்காரர். கட்டில் மட்டுமல்ல, மேசை, அலமாரி, சோபா எல்லாம் விற்கும் பெரிய கடை. கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் நான் மெத்தை உறைகள் தைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் மனைவிக்கும் நெடுநாள் பிள்ளை இல்லை. ஒவ்வொரு ஜெபக் கூட்டத்திலும் எழுந்து ஆபிரகாமைப் பற்றிப் பேசுவார். முதிர்ந்த வயதில் ஒரு மனிதரைக் கூடாரத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் வானத்தைக் காட்டி, இத்தனை நட்சத்திரம் போல உன் சந்ததி இருக்கும் என்று கடவுள் சொன்னதை, அவர் அப்படியே நம்பியதை, அந்த நம்பிக்கையையே கடவுள் நீதியாக எண்ணிக்கொண்டதை எல்லாம் குரல் தழுதழுக்கச் சொல்வார். நானும் அவரைப் போலத்தான் காத்திருக்கிறேன் என்று முடிப்பார்.

பிறகு ஒரு நாள் குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்து வந்தார்கள். கைக்குழந்தை. சபைக்கு முன்னால் அதைத் தூக்கிக் காட்டி, கடவுள் எனக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் நிறைவேறியது என்று சாட்சி சொன்னார். சபையே அழுதது. அழுமூஞ்சி அல்லாத அக்காகூட மூக்கைச் சிந்தினார்.

அந்தப் பெண் பள்ளிக்குப் போகும் வயது வந்ததும் அக்காவின் வேனில்தான் போனாள். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் அவள் இடம். வாய் ஓயாது. வழியில் வரும் கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பாள், யார் வீட்டில் நாய் குட்டி போட்டது என்று அறிவிப்பாள், எந்தப் பையன் யாருடைய பென்சிலைத் தின்றான் என்று புகார் சொல்வாள். அக்கா அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். "கொஞ்சம் அணைச்சு வைம்மா, காது வலிக்குது" என்பார். அவள் இன்னும் சத்தமாக வாசிப்பாள்.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கட்டில் கடைக்காரரின் மனைவிக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து சொன்ன இரண்டாவது சாட்சியை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு கொதிக்கிறது.

"முதல்ல நான் பொறுமை இல்லாம என் சொந்த வழியைத் தேடிக்கிட்டேன். கர்த்தர் என்னை மன்னிச்சு, இப்பத்தான் தம்முடைய வழியிலே உண்மையான வாக்குத்தத்தத்தைக் கொடுத்திருக்கார்" என்றார்.

முதல் வரிசையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். சொந்த வழி என்றால் யார் என்று சபையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும், ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. பக்கத்தில் இருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே அழுந்தியது. நூறு பேர் இருந்தோம். எல்லாரும் "ஆமென்" என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியைப் பட்டறையிலிருந்து என் கண்ணால் பார்த்தேன், மீதியைக் கேள்விப்பட்டேன். அவளுடைய அறை குழந்தையின் அறை ஆனது. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் கடையில் இறங்கிக்கொள்ளச் சொன்னார்கள், வீட்டில் குழந்தை தூங்குகிறதாம். விலைச்சீட்டு தொங்குகிற ஏதாவது ஒரு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வாடிக்கையாளர் வந்து அந்த மேசையைத் தட்டிப் பார்த்தால், புத்தகங்களை வாரிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவாள். யாரும் சொல்லாமலே போவாள். வேனில் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது.

ஒரு நாள் வீட்டில் தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதபோது பக்கத்தில் யாரும் இல்லை. இவள் தூக்கினாள். கை வழுக்கியது. குழந்தைக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் வீட்டுப் பையன்கள் ஒருவரை ஒருவர் இதைவிட மோசமாக எத்தனையோ முறை போட்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் கடை வாசலில் அவளை இறக்கிவிட வந்த அக்காவைக் கட்டில் கடைக்காரர் ஓரமாகக் கூப்பிட்டார். நான் உறைகளைக் கொடுக்கக் கடைக்குள் வந்திருந்தேன்.

"அக்கா, அடுத்த மாசத்துல இருந்து இவ வேன்ல வர மாட்டா. இல்லத்துக்கே திரும்பப் போறா. எழுத வேண்டியதெல்லாம் எழுதிக் கொடுத்துட்டோம்."

"திரும்பன்னா?"

"திரும்பத்தான். குழந்தைக்கு ஆபத்துக்கா. எங்களால சமாளிக்க முடியலை."

"வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுக்க அது என்ன உங்க கடை நாற்காலியா? கால் ஆடுதுன்னு திருப்பி அனுப்புறீங்களா?"

"மெதுவாப் பேசுங்க. கஸ்டமர் இருக்காங்க. ஜெபம் பண்ணித்தான் முடிவு எடுத்தோம்."

"யார்கிட்ட ஜெபம் பண்ணுனீங்க?"

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் பொறுமையாகத்தான் சொன்னார், அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. "ஆபிரகாமுக்கும் இதே நிலைமை வந்துச்சுக்கா. மனைவிகிட்ட ஈசாக்கு பிறந்ததும், அடிமைப்பெண் ஆகாரையும் அவகிட்ட தனக்கு முதல்ல பிறந்த பிள்ளையையும் அனுப்ப வேண்டி வந்துச்சு. கஷ்டமாத்தான் இருந்துச்சு அவருக்கு. ஆனா கர்த்தரே உன் மனைவி சொல்றதைக் கேளுன்னு சொல்லிட்டார். வாக்குத்தத்தம் ஈசாக்குக்குத்தான்."

அக்கா வேனில் ஏறி, ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வேதத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசித்தார். மறுபடி வாசித்தார். பெரியவர் தேநீர் கொண்டுவந்து வைத்தது ஆறிப்போனது. "என்ன சொல்லுது?" என்று கேட்டார் அவர்.

"அந்த ஆள் சொன்னது உள்ளதுதான். அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் அக்கா. "ஆனா எனக்கு இதை விழுங்க முடியலைங்க. தொண்டையிலேயே நிக்குது."

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் போதகர், நம்முடைய மூப்பரின் குடும்பம் ஒரு கடினமான முடிவை எடுத்திருக்கிறது, அவர்களைத் தாங்கி ஜெபிப்போம் என்றார். கண்ணை மூடப் போகிற நேரத்தில் அக்கா எழுந்தார்.

"ஜெபிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் ஐயா. பாவம் பெருத்துப்போச்சுன்னு ஒரு பட்டணத்தையே அழிக்கப் போறேன்னு கடவுள் சொன்னப்போ ஆபிரகாம் என்ன பண்ணார்? சரிங்க ஆண்டவரேன்னு தலையாட்டினாரா? நியாயம் தீர்க்கிற நீங்களே அநியாயம் பண்ணலாமான்னு முகத்துக்கு நேரா கேட்டாரா இல்லையா? அம்பது பேர் நல்லவன் இருந்தா விடுவீங்களா, நாப்பது பேர் இருந்தா விடுவீங்களான்னு சந்தைல பேரம் பேசுற மாதிரி பேசினாரா இல்லையா?"

"பேசினார்" என்றார் போதகர்.

"யாருக்காக? முன்னே பின்னே தெரியாத ஊர்க்காரனுக்காக. அதே மனுஷன், தன் மடியில வளர்ந்த பையனை வெயில்ல விரட்டச் சொன்னப்போ ஒரு வார்த்தை கேட்டாரா? காலைல எழுந்தார், ரொட்டியும் தண்ணியும் எடுத்து அவ தோள்ல வெச்சார், அனுப்பிட்டார். ஊரானுக்காகத் திறந்த வாய் பெத்த பிள்ளைக்காக ஏன் திறக்கலை?"

இதெல்லாம் அங்கிருந்த எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்த கதைதான். அக்கா புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஆனால் யாரும் அதை அந்தக் குரலில் கேட்டதில்லை. பின் வரிசையில் யாரோ "உட்காருங்க" என்றார்கள்.

போதகர் மென்மையாகச் சொன்னார்: "அம்மா, அந்தப் பையனையும் கர்த்தர் கைவிடலையே. வனாந்தரத்துல கிணறு காட்டினார். அவனையும் ஒரு பெரிய ஜனமாக்கினார். அதே மாதிரி இந்தப் பிள்ளையையும் கர்த்தர் பார்த்துப்பார்."

"பார்த்துப்பார். நான் இல்லைன்னு சொல்லலை. அந்தப் பையன் என்ன விசுவாச அறிக்கையா பண்ணான்? தாகத்துல அழுதான், அவ்வளவுதான். அந்த அழுகை கடவுளுக்குக் கேட்டுச்சு. கிணத்தைக் காட்டினது கடவுள் ஐயா. விரட்டினது யாரு? கடவுள் காப்பாத்திட்டார்ங்கறதால விரட்டினவன் கை சுத்தமாயிடுமா? நட்சத்திரத்தைப் பார்த்து நம்பினதை நீதின்னு எழுதியிருக்கு, சரி. அந்தக் காலைல பண்ணதையும் நீதின்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

கட்டில் கடைக்காரர் எழுந்து, "என் குடும்பத்தை இப்படிச் சபையில் அவமானப்படுத்த யார் உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. அவருக்கு உள்ளே வலி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வலியை அவர் ஒரு சட்டையைப் போலப் போட்டுக்கொண்டு நின்றார், நாம் பார்க்க வேண்டும் என்பதற்காக.

போதகர் அவசரமாக ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அக்கா நின்றுகொண்டே இருந்தார். ஜெபம் முடிந்து எல்லாரும் எங்களைச் சுற்றி வழிவிட்டுப் போனார்கள், தெருவில் ஈரப் பள்ளத்தைச் சுற்றிப் போவது போல. ஒருவர்கூட அக்காவிடம் பேசவில்லை. மறுநாள் பட்டறையில், இனிமேல் வர வேண்டாம் என்று மேலாளர் என்னிடம் சொன்னார். தையல் சரியில்லையாம்.

அவளை அனுப்பும் நாளன்று கடைக்காரர் வரவில்லை. வெளியூருக்குச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்ததாம். சொந்தக் காரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டு வாசலில், பக்கவாட்டில் கடை விளம்பரம் எழுதிய சரக்கு வேன் நின்றது. அக்காவும் நானும் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் பை அதில் ஏறிவிட்டது. அவளுடைய அம்மா, ஆமாம், அம்மாதான், வேறு என்ன சொல்வது, ஒரு சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் அவள் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா அந்தப் பாட்டிலைப் பார்த்தார். எனக்கு அவர் அடித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"பிள்ளையைக் கட்டில் ஏத்துற வண்டியிலயா அனுப்புறீங்க?" என்றார். "இறக்குங்க அந்தப் பையை. என் வேன்ல வரட்டும். நீங்களும் வாங்க. கூட வந்து கண்ணால பார்த்து விட்டுட்டு வாங்க."

அம்மா எதிர்க்கவில்லை. எதையுமே எதிர்க்கத் தெரியாத பெண்மணி அவர். வேனில் வேறு பிள்ளைகள் இல்லை. அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கடைப் பலகைகள் போய்க்கொண்டே இருந்தன. பாதி வழியில், யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "நான் தம்பியைக் கீழே போட்டதாலயா?"

அக்கா வேனை ஓரமாக நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. முழுசாகத் திரும்பி, அந்த அம்மாவைப் பார்த்தார். "பதில் சொல்லுங்க. உங்ககிட்டதான் கேக்குறா."

அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அப்பா முடிவு பண்ணிட்டார்மா" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"அப்போ நான் சொல்றேன்" என்றார் அக்கா. "கேட்டுக்கோ. தம்பி அழுதான், நீ தூக்கின. பெரியவங்க யாரும் தூக்கலை, நீ தூக்கின. கை வழுக்கிடுச்சு. அது தப்பே இல்லை. உன்னை அனுப்புறது அவங்க பண்ற தப்பு. பெரிய தப்பு. யார் வந்து எந்த வசனத்தைச் சொன்னாலும் அது தப்புதான். புரியுதா?"

"ம்."

"சத்தமா சொல்லு."

"புரியுது."

இல்லத்து வாசலில் அவள் அழாமல் உள்ளே போனாள். திரும்பிவரும் வழி முழுவதும் அழுதது அக்காதான். கோபத்தில் அழுகிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டு, "நீ கேட்டியா? அந்தப் பையன் அழுதப்போ கேட்ட காது இப்போ எங்கே?" என்று மேலே பார்த்துக் கத்தினார். பின்னால் அந்த அம்மா ஒரு மூட்டையைப் போல உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சபைக்குப் போகவில்லை, இல்லத்துக்குப் போனார். வார நாளில் நேரம் கிடைத்தால் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனார். அங்கே அதிகாரி, "நீங்க இந்தப் பிள்ளைக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"வேன் ஓட்டுறவ."

"உறவைக் கேட்டேன்மா."

"அவளைப் பெத்தவங்க யாருன்னு தெரியாது. எடுத்தவங்க வேண்டாம்னுட்டாங்க. இப்போதைக்கு அவளுக்கு இருக்கிற உறவு வேன் ஓட்டுறவதான். எழுதிக்கோங்க."

தத்தெடுக்க அக்காவுக்கும் பெரியவருக்கும் வயது கடந்துவிட்டது என்றார்கள். வளர்ப்புப் பராமரிப்பு என்று, தத்தெடுக்காமலே பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கும் வேறொரு வழி இருந்தது. வீட்டுக்கு ஆள் வந்து பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், மறுபடி வந்தார்கள். இதற்கிடையில் சபைக் குடும்பங்கள் சில தங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டன. மகன்கள் இருவரும் முணுமுணுத்தார்கள். "அம்மா, உங்களுக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஊர்ப் பிரச்சினையை எல்லாம் நாமளா தலைல தூக்கிப் போட்டுக்கணும்?"

அக்கா பதில் சொல்லும் முன் பெரியவர் சமையலறையிலிருந்து தலையை நீட்டினார். "அவ முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. நீங்க ரெண்டு பேரும் அலமாரியை நகர்த்தி, பிள்ளைக்குப் படுக்கை எங்கே போடலாம்னு பாருங்கடா" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அனுமதி கிடைத்து அவள் அந்தப் படுக்கைக்கு வந்த பிறகு போதகர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். கசப்பு வேண்டாம், மன்னிப்பதுதான் நமக்குக் கட்டளை என்றார்.

"மன்னிக்க நான் யாரு ஐயா? எனக்கா அநியாயம் நடந்தது? அவ வளர்ந்து பெரியவளாகி, மனசு வந்தா அவ மன்னிக்கட்டும். வரலைன்னா யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

"நீங்க விசுவாசத்தை விட்டுடலையே?" என்று தயங்கிக் கேட்டார் அவர்.

"விசுவாசம் இல்லாதவளா இருந்தா எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது? அவர் நியாயமானவர்னு நம்புறதாலதானே கேக்குறேன். ஒருநாள் ஆபிரகாமை நேர்ல பார்ப்பேன். அவரையும் விட மாட்டேன்."

போதகர் தேநீரைக் குடிக்காமலே போனார். பாவம், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கெட்ட மனிதர் இல்லாதவர்கள் நூறு பேர் சேர்ந்துதான் அன்றைக்கு ஆமென் சொன்னோம்.

அவள் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். நல்லபடியாக வளர்ந்தாள் என்று சொல்லிப் பூசி மெழுக எனக்கு மனமில்லை. முதல் வருடம் பையிலிருந்து துணிகளை வெளியே எடுத்து வைக்கவே மாட்டாள். அக்கா எதற்காவது கொஞ்சம் குரலை உயர்த்தினால், அந்த அக்காவுக்குக் குரலை உயர்த்தாமல் பேசவே தெரியாது, உடனே பையைத் தேடுவாள். அக்கா தன் தொண்டையோடு போராடி மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், வயிறு எரியவும் செய்யும்.

அவளுடைய தம்பி பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது, ஒரு சாயங்காலம் அந்த அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பையன். அவர்கள் பகுதிக்கு வரும் மற்ற வேனில் இடமில்லையாம். அக்காவின் வேனில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். கேட்பதற்கு எப்படி வாய் வந்தது என்று நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேனுக்காக மட்டும் அவர் வரவில்லை என்று தெரிந்தது. கண் உள்ளே வீட்டுக்குள் தேடியது.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்கிட்ட கேட்காதீங்க. அவகிட்ட கேளுங்க" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். அந்த அம்மாவை விட உயரமாகிவிட்டிருந்தாள். அம்மா அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார், அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். பையனை வெகுநேரம் பார்த்தாள். அவனுக்கு இவளை யார் என்று தெரியாது. வேனின் மஞ்சள் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் வரட்டும், பாட்டி" என்று அக்காவிடம் சொன்னாள். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இவங்க நம்ம வாசலுக்கு வரக் கூடாது. தெருமுனைல விட்டுட்டுப் போகட்டும்."

அக்கா அந்த அம்மாவைப் பார்த்து, "கேட்டீங்கல்ல? காலைல தெருமுனைல நில்லுங்க. லேட் பண்ணா நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.